தனி அடுப்பு

நான் சொந்த ஊரில்தான் வாழ்கிறேன் என்று அரசாங்கத்தை நம்ப வைப்பதற்காக ஒரு சுவரைக் கறுப்பாக்கியவள் நான். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. நான் பிறந்ததைப் பார்த்தவர்களே அந்தத் தெருவில் இருந்தார்கள். கூடப்பிறந்த தம்பி இருந்தான். அது எதுவும் போதவில்லை. அடுப்புக்குப் பின்னால் சுவர் போதுமான அளவு கறுக்கவில்லை என்று ஒரு அதிகாரி சொன்னார். அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்தச் சுவரோடுதான் போயிற்று.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். என் கணவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிச் செத்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை. காரியம் முடிந்த கையோடு மாமியார் வீட்டில் என் டிரங்குப் பெட்டியை வாசலில் எடுத்து வைத்துவிட்டார்கள். அஸ்தினாபுரத்தில் எங்கள் அப்பா வாங்கிப் போட்ட மனையில் ஒரு கூரை வீடு இருந்தது. அப்பா, அம்மா இருவரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். தம்பி மட்டும் இருந்தான். குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கூரையை மாற்றத்தான் நான் மஸ்கட்டுக்குப் போனேன். எண்பதுகளின் தொடக்கம். பத்தாவது பாஸ் என்பதால் மருந்துச் சீட்டைப் படிப்பேன் என்று ஏஜெண்ட் என்னைத் தேர்ந்தெடுத்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போடுகிற வேலை. கிழவி நல்ல கனம். பார்க்கப் போனால் எங்கள் வீட்டைக் கட்டியவள் அவள்தான். அவளை நான் தூக்கத் தூக்க இங்கே செங்கல் ஏறியது.

வீடு கட்ட ஆரம்பித்தபோது தம்பிக்கு ஒரே ஒரு விஷயம்தான் வற்புறுத்தி எழுதினேன். அடுக்களையில் மேடை கட்டு, நின்றுகொண்டு சமைக்க வேண்டும், கேஸ் அடுப்பு வாங்கு. எங்கள் அம்மா விறகடுப்பின் முன்னால் குந்திக் குந்தியே இடுப்பு போய், அந்த வலியோடே செத்தவள். இந்த வீட்டில் இனி எந்தப் பொம்பளையும் குந்தி உட்கார்ந்து ஊதக் கூடாது என்று எழுதினேன். தம்பி மேடை கட்டினான். அதற்கு மேலே கடப்பைக் கல்லும் போட்டான். பிறகு கல்யாணமும் செய்துகொண்டான்.

நான் முதல் லீவில் வந்தபோது மீனம்பாக்கத்துக்கு ஒரு வேன் நிறையத் தெரு வந்திருந்தது. மாலை எல்லாம் போட்டார்கள். புலி படம் போட்ட கம்பளி, பட்டனை அழுத்தினால் விரியும் குடை, சென்ட், பிளாஸ்க் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். எதிர் வீட்டு அம்மாவுக்குக் கம்பளி. அந்த அம்மாவும் என்னைப் போலவே புருஷனைப் பறிகொடுத்தவர் என்பதால் நானே கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். தம்பி வீட்டுக்கு மிக்ஸி, கேசட்டும் ரேடியோவும் சேர்ந்த டூ-இன்-ஒன், டேபிள் ஃபேன். தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

கடைசியாக நான் திரும்பி வந்தபோது ஏர்போர்ட்டுக்குத் தம்பி மட்டும் ஆட்டோவில் வந்திருந்தான். கிழவி செத்துப்போயிருந்தாள். அதற்கு முன்பே என் முதுகு செத்திருந்தது. டிஸ்க் விலகிவிட்டது, இனி ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது என்று அந்த ஊர் டாக்டர் சொன்னதும் அந்த வீட்டார் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் என்னை வேலைக்காரியாக வைத்திருந்தார்கள், வேலை முடிந்ததும் அனுப்பினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

வந்த புதிதில் தம்பி மனைவி, “அண்ணி, காபி சூடா இருக்கும்போதே குடிச்சிடுங்க” என்பாள். பெட்டியில் இருந்த சாமான் தீர்ந்தது. காபி ஆறிப்போய் வர ஆரம்பித்தது. முதுகுக்கு மாத்திரை வாங்க அவளிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பர்ஸைத் தேடும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. அவள் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன்.

ரேஷன் கடை வரிசையில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் மணியார்டரில் ஒரு தொகை அனுப்புகிறது என்று.

“உங்களுக்குன்னு ஒண்ணு வந்தா, யாரையும் கேக்க வேணாம் பாருங்க அண்ணி,” என்றாள்.

எனக்கும் அது வேண்டும் என்றுதான் இருந்தது. மாத்திரைக்காவது யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கலாமே என்று நினைத்தேன். தம்பியோடு கிராம அதிகாரியிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் தாளைப் படித்தார்.

“வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க. அப்ப நீங்க இந்த ஊர்ல குடியிருக்கிறவங்கன்னு நான் எப்படிம்மா எழுதறது?”

“நான் பொறந்ததே இந்த ஊர்ல சார்.”

“பொறந்ததை யாரு கேட்டா? இருக்கிறதைத்தான் கேக்கறேன். தொடர்ந்து ஒரு வருஷமாவது இங்க இருந்திருக்கணும். அதுவும் தனியா இருக்கணும். தம்பி வீட்ல, தம்பி சோத்துல இருந்தா நீங்க ஆதரவற்றவங்க கிடையாது. தனி அடுப்பு இருக்கா?”

அது சர்க்கார் விதியா, அவருடைய சொந்த விதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அடுப்பை வைத்துத்தான் குடும்பக் கணக்கு. ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் இருந்து ஆளுக்கொரு அடுப்பு எரிந்தால் ஆளுக்கொரு ரேஷன் கார்டு. எல்லாரும் ஒரே அடுப்பில் தின்றால் ஒரே கார்டு. விசாரணைக்கு வருகிறவர்கள் ஆளைப் பார்ப்பதைவிட அடுப்பைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அதனால் கேள்வி எனக்கு ஆச்சரியமாக இல்லை. தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் ஓர் அடுப்பை ஒரு நாளைக்குக் கடன் வாங்கி வைத்துக் கார்டு வாங்கியிருந்தார்கள்.

வழியில் தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னான்: “இதுக்கு இன்னாத்துக்குக்கா மூஞ்சிய தொங்கப் போடற? நம்ம வூட்டுப் பின்னாடி சாய்ப்பு கீது இல்ல? அதுல ஒரு அடுப்பு போட்டுக்கினு ரெண்டு நாள் குந்து. அந்தாளு வந்து பார்த்துட்டுப் போனதும் உள்ள வந்துடு.”

சாய்ப்பு என்று அவன் சொன்னது வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கீற்று இறக்கிய இடம். விறகும் அவன் சைக்கிளும் போட்டு வைத்திருந்தது. அந்தச் சுவரின் மறுபக்கம்தான் நான் கேட்டுக் கட்ட வைத்த சமையல் மேடை.

மறுநாள் சாயங்காலம் எல்லாருமாகச் சேர்ந்து அந்த இடத்தைக் காலி செய்தோம். மண்ணடுப்பு ஒன்று வாங்கி வந்து சுவரோரம் வைத்தோம். என் டூ-இன்-ஒன், ஃபேன், நல்ல புடவைகள் எல்லாவற்றையும் தம்பியின் அறைக்குள் அடுக்கினோம். அதிகாரி கண்ணில் பட்டால் காரியம் கெட்டுவிடும் அல்லவா. தம்பியின் கார்டிலிருந்து என் பெயரை அடிக்க எழுதிக் கொடுத்தோம். பிறகு ஒத்திகை. தம்பி மனைவி கண்ணாடி மாட்டிய அதிகாரி போல நின்றுகொண்டு, “இந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். தம்பிக்கு நாக்கு குழறியது. “அவங்க… அது வந்து… எங்க…” என்று இழுத்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்தில் அவனுக்காக நான்தான் பொய் சொல்லியிருக்கிறேன்.

“இங்க பாரு. ‘பின்னாடி குடியிருக்காங்க சார். வேற ஒண்ணும் தெரியாது.’ அவ்வளவுதான். சொல்லு,” என்றேன்.

“பின்னாடி… குடியிருக்காங்க… சீ, போக்கா, சிரிப்பு வருது.”

எங்களுக்கும் சிரிப்பு வந்தது. தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சரியாகச் சொல்லும்வரை விடாமல் சொல்ல வைத்தேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்த கடைசி சாயங்காலம் அதுதான்.

கிராம அதிகாரி வந்தார். சாய்ப்புக்குள் குனிந்து நுழைந்தார். அடுப்பைப் பார்த்தார். பின்னால் இருந்த சுவரில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்புதான் ஒட்டியிருந்தது.

“கையைக் காட்டும்மா,” என்றார்.

காட்டினேன். மஸ்கட்டில் இருந்த வருஷமெல்லாம் ஏ.சி. அறையில் கிழவிக்கு எண்ணெய் தடவிய கை. சோப்பும் கிரீமும் பட்டு மெத்தென்று இருந்தது.

“இது அடுப்பூதின கையா?” என்று கேட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். “இவங்க உங்களுக்கு யாரு?”

தம்பி என்னைப் பார்த்தான். வாய்ப்பாடு மறந்துபோன பையனைப் போல முழித்தான். அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. எங்களைப் பிடித்துவிட்ட சந்தோஷம் இருந்தது.

“இது நேத்து வெச்ச அடுப்பு. எனக்குத் தெரியாதா? நான் உன் மனுவைத் தள்ளல. ஒரு வருஷம் எரியட்டும். சுவர்ல கரி படியட்டும். அப்ப வந்து பார்க்கறேன். ஆனா நடுவுல எப்ப வேணாலும் வருவேன். அந்த வீட்டுக்குள்ள நீ சாப்பிட்டேன்னோ தூங்கினேன்னோ தெரிஞ்சுது, அன்னைக்கே கிழிச்சுப் போட்டுடுவேன்.”

அவர் போனதும் நான் சாய்ப்பிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போகப் பார்த்தேன். தம்பி மனைவி பின்வாசலில் நின்றிருந்தாள்.

“அண்ணி, தெருமுனை வரைக்கும் போகட்டும். திரும்பிப் பார்த்தாருன்னா?”

தெருமுனைக்கு அவர் போன பிறகும் அவள் வாசலை விட்டு நகரவில்லை.

இப்படி ஆரம்பித்தது. முதலில் பகலில் மட்டும் அங்கே இருந்தால் போதும் என்று பேச்சு. பிறகு எதிர் வீட்டு அம்மா பற்றிய பயம் வந்தது. அந்த அம்மாவும் இதே பணத்துக்கு மனுப் போட்டு, மகன் வேலையில் இருக்கிறான் என்று தள்ளுபடி ஆகியிருந்தது. எங்கள் ஊரில் மொட்டைப் பெட்டிஷன் எழுதுவது ஒரு கலை. பெயர் போடாமல், கையெழுத்தை மாற்றி, நாலு வரியில் ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடுவார்கள். அந்த அம்மா எழுதிப் போட்டுவிடுவார் என்று தம்பி மனைவி தினமும் சொன்னாள். சொல்லிச் சொல்லியே என்னை அங்கேயே படுக்க வைத்தாள். மார்கழிக் குளிரில் அந்த அம்மா தன் வாசலில் உட்கார்ந்து, நான் கொடுத்த புலிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சந்து வழியாக என் சாய்ப்பையே கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். அவர் கண்ணும் என்மேல்; புலியின் கண்ணும் என்மேல். நான் ஒரு பழைய கோணியைப் போர்த்திக்கொண்டிருப்பேன். நல்ல போர்வை இருந்தால் ஆதரவற்றவள் என்று யார் நம்புவார்கள்?

கெரசின் ஸ்டவ் கேட்டேன். கரி படியாது என்றார்கள். அதனால் விறகு. முதுகு உடைந்தவள் நான், குந்தி உட்கார்ந்து ஊதினேன். கண் எரியும். எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். சுவரைப் பிடித்தால் கரி கையில் வந்துவிடும். அப்புறம் அந்த இடத்தில் மறுபடி வெள்ளை தெரியும். அதனால் சுவரைப் பிடிக்காமல், தரையில் கை ஊன்றி, தவழ்ந்து எழுந்திருக்கக் கற்றுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேடைக்கு முன்னால் தம்பி மனைவி நின்றுகொண்டு சமைப்பாள். என் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும். தேங்காய் அரைக்கிறாளா, மசாலா அரைக்கிறாளா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் படம் போட்டால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்பேன். நின்றால் முதுகு வலிக்கும். பாதிப் படத்தோடு திரும்பிவிடுவேன். மிச்சக் கதையைத் தம்பி வந்து சொல்வான். ஆரம்பத்தில் சொல்வான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

ஐப்பசி மழையில் கீற்று ஒழுகியது. அடுப்பில் தண்ணீர் நின்றது. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் தட்டினேன். தம்பி மனைவி ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

“இத்தனை நாள் இருந்துட்டீங்க அண்ணி. ஒரு மழைக்காகக் கெடுத்துக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். பட்டனை அழுத்தினால் விரியும் அந்தக் குடையைப் பிடித்திருந்தான். என் தலைக்கு நேரே பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சாய்ப்புக்குள் எட்டிப் பார்த்து, மேலே பார்த்து, “அந்த மூலைல ஒழுகல பாருக்கா, அங்க குந்திக்கோ,” என்றான். குடையோடு திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அவனை நடுத்தெருவில் நிற்க வைத்து அறைய வேண்டும் என்றிருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஆனாலும் பொறுத்தேன். வருஷம் முடியட்டும், பணம் வரட்டும், உள்ளே போய்விடலாம். இந்த ஒன்றைத்தான் விரதம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவர் கறுத்துக்கொண்டே வந்தது. முதலில் அடுப்புக்கு நேரே, பிறகு ஆள் உயரத்துக்கு, பிறகு கீற்று வரைக்கும். ஆசையாகப் பார்ப்பேன். ஒருத்தி கரியைப் பார்த்துப் பூரித்துப்போவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

வருஷம் தாண்டிய பிறகு விசாரணைக்கு வந்தவர் வேறு ஆள். பழையவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் இளைஞர். ஸ்கூட்டரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, சந்து முனையில் நின்று எட்டிப் பார்த்தார். சாய்ப்பையும் என்னையும் தூரத்திலிருந்தே பார்த்தார். தம்பியிடம், “இந்த அம்மா யாரு சார்?” என்றார்.

“பின்னாடி குடியிருக்காங்க சார். வேற ஒண்ணும் தெரியாது,” என்றான் தம்பி. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். ஆனால் குழறவில்லை.

“சரி, எழுதிடறேன்,” என்று அவர் ஸ்கூட்டரைத் திருப்பினார். எனக்குத் தாங்கவில்லை. தரையில் கை ஊன்றி எழுந்து, சந்து முனை வரைக்கும் போனேன்.

“சார், சுவரைப் பாருங்க சார்.”

“எதுக்கும்மா?”

“கரி படிஞ்சிருக்கு சார். ஒரு வருஷமா எரியுது.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க? உங்களைப் பார்த்தாலே தெரியுதே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையாகவே தெரிந்திருக்கும். முகம் காய்ந்து, முடி வெளுத்து, நகக்கண்ணில் கரியோடு நின்றேன். ஒரு வருஷம் வேஷம் போட்டதில் வேஷம் தோலாகிவிட்டது.

பணம் சாங்ஷன் ஆயிற்று. போஸ்ட்மேன் மணியார்டரைக் கொண்டு வந்து, “இன்னாமா, கைநாட்டா, கையெழுத்தா?” என்று கேட்டார். கையெழுத்துப் போட்டேன். அவர் போனதும் பாயைச் சுருட்டினேன். தட்டு, டம்ளர், மாத்து உடுப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வைத்திருந்தேன்.

தம்பி மனைவி கதவை மறித்து நின்றாள். கையில் கரண்டி.

“அண்ணி, போஸ்ட்மேன் மாசா மாசம் வருவாரு. மணியார்டர்ல ‘பின்பக்கம்’னு அட்ரஸ் போட்டிருக்கு. ஆளு முன்னாடி வூட்ல இருந்தா அவரு ஆபீஸ்ல சொல்ல மாட்டாரா? வருஷா வருஷம் வேற வந்து பார்ப்பாங்களாம்.”

“அப்ப நான் எப்ப உள்ள வர்றது?”

அவள் உள்ளே எட்டித் தம்பியைப் பார்த்தாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. “இது யார் வூடுடா? யார் முதுகு ஒடிஞ்சு கட்டின வூடு? டேய், வெளிய வாடா!” என்று கத்தினேன்.

தம்பி ஓடி வந்தான். என் வாயைப் பொத்தாத குறையாகக் கையை நீட்டினான். “கத்தாதக்கா. எதிர் வூட்டுக்காரம்மா கேட்டுக்கினு கீது. இது உன் வூடுன்னு நீயே கத்தினா பணம் நின்னுடும். அப்புறம் நாங்க பொறுப்பில்ல.”

அவன் சொன்னது சரிதான். அதுதான் கொடுமை. என் வீடு என்று சண்டை போடுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லாதபடி நானே பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்திருந்தேன். பாயை மறுபடி விரித்தேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது கஞ்சி.

அப்புறம் வருஷங்கள் போயின. தம்பிக்குக் குழந்தைகள் பிறந்தன. அவை பேசக் கற்றுக்கொண்டபோது என்னை “பின்வூட்டு ஆயா” என்று கூப்பிட்டன. அத்தை என்று சொல்லிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வெளியே வாய்தவறிச் சொல்லிவிட்டால் ஆபத்து என்று ஆரம்பத்தில் ஒரு காரணம் இருந்திருக்கலாம். கடைசியில் காரணம் எல்லாம் மறந்துபோய் ஆயா மட்டும் மிஞ்சியது. குழந்தைகள் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் மனை விலை ஏறத் தொடங்கியது. தனி வீடுகளை இடித்து ஃபிளாட் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலை சஃபாரி உடுப்பில் ஒருவர் அளவு டேப்போடு வந்தார். தம்பி அவருக்கு மனையைச் சுற்றிக் காட்டினான். இருவரும் டீ குடித்துக்கொண்டே பின்பக்கம் வந்தார்கள். நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“இது யாரு?” என்றார் சஃபாரிக்காரர்.

“பின்னாடி குடியிருக்காங்க சார். வேற ஒண்ணும் தெரியாது.”

ஒரு சொல் மாறவில்லை. நான் சொல்லிக் கொடுத்த அதே வரி. இந்தத் தடவை தலை குனியவில்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னான். யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. விசாரணைக்கு யாரும் வரவில்லை. பொய் வராத பையன் என்று நான் நினைத்திருந்தவன்.

“நான் இவன் அக்கா சார். கூடப்பிறந்தவ,” என்றேன்.

சஃபாரிக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி சிரித்தான். “தெருவுல எல்லாரையும் தம்பின்னுதான் சார் கூப்பிடும். வயசாயிடுச்சு.”

அவர் சாய்ப்புக்குள் டார்ச்சு அடிப்பது போல ஒரு பார்வை விட்டார். சுவரில் அவர் கண் நின்றது. “ரொம்பப் பழைய டெனன்ட் போலிருக்கே. சுவரே சொல்லுது. இந்த மாதிரி ஆளுங்க கடைசில தகராறு பண்ணுவாங்க சார். மொதல்ல இவங்களை அனுப்பிட்டு அப்புறம் அக்ரிமென்ட் வெச்சுக்கலாம்,” என்றார்.

ஆக, அந்தக் கரியை உற்றுப் பார்த்து அதற்கு ஒரு மதிப்புக் கொடுத்த முதல் மனிதர் அவர்தான்.

அப்பா மனை, எனக்கும் பங்கு உண்டு, கோர்ட்டுக்குப் போ என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். போயிருந்தால் முதலில் நான் சொல்ல வேண்டியது, எனக்கு யாருமில்லை என்று அரசாங்கத்திடம் இத்தனை வருஷமாகப் பொய் சொல்லி வாங்கித் தின்றேன் என்பதை. எதிர் வீட்டு அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். போய்க் கேட்டேன். அந்த அம்மா கம்பளியை மடித்தபடி, “நீதானேடி யாருமில்லைன்னு எழுதிக் குடுத்த? நான் பார்த்துக்கினுதானே இருந்தேன். நான் நினைச்சிருந்தா ஒரு கார்டு எழுதிப் போட எவ்ளோ நேரம்? பாவம்னு விட்டேன்,” என்றார். அவர் பெட்டிஷன் எழுதவே இல்லை. எழுதிவிடுவார் என்று நம்பித்தான் நான் மழையில் நனைந்திருந்தேன்.

தம்பி படப்பையில் எனக்கு ஒரு ரூம் பார்த்துக் கொடுத்தான். அந்த மட்டும் அவனுக்கு மனசு வந்தது. சாமான்களை ஏற்றிவிட்டு, “உடம்பைப் பார்த்துக்கோக்கா,” என்றான். யாரும் பக்கத்தில் இல்லாததால் அக்கா என்று சொன்னான்.

படப்பைக்குத் தாலுகா வேறு. மணியார்டர் நின்றுபோயிற்று. அந்த ஊர் கிராம அதிகாரியிடம் போய் நின்றேன். என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“நீங்க இந்த ஊருக்குப் புதுசும்மா. கொஞ்ச நாள் குடியிருங்க. ஒரு வருஷம் போகட்டும், வந்து பார்க்கறேன். தனியாத்தானே சமைக்கிறீங்க?”

“தனியாத்தான் சார்,” என்றேன். இந்தத் தடவை அதில் பொய் இல்லை.

திரும்பி ரூமுக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். எனக்காகச் சுவரெல்லாம் புதுசாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். நல்ல மனிதர். “இப்பத்தான் அடிச்சேன். கரி படாமப் பார்த்துக்கம்மா,” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு, விறகு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனேன்.